தலைக்கு மேல் மைனஸ் 83: ஓசோன் துளையைத் தேடி சிங்கப்பூரில் ஒரு வாரம்

திங்கள் காலை, கிம் சுவான் சாலை

தாய் செங் எம்ஆர்டியில் இறங்கினால் கிம் சுவான் சாலை பக்கத்தில்தான். சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் மேல்வளிக் கூடம் இங்கே இருக்கிறது. உலக நேரம் 0 மணி, 12 மணி, அதாவது நம்மூர்க் காலை எட்டு, இரவு எட்டு. இந்த இரண்டு வேளையும் பலூன் விட்டு வளிமண்டலத்தை அளப்பது உலக நாடுகளின் பொது ஏற்பாடு. பலூன் மேலே போகவே நேரம் பிடிக்கும் என்பதால் அரை மணி நேரம் முன்னாலேயே விட்டுவிடுவார்கள். பார்க்க நினைப்பவர்கள் ஏழு மணிக்கெல்லாம் போய்விட வேண்டும். அனுமதி வாங்காமல் உள்ளே நுழைய முடியாது; வானத்தைப் பார்க்கத் தெரு போதும்.

பலூனுக்கு அடியில் தொங்கும் பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் உணரிகள், ஒரு ஜிபிஎஸ், ஒரு ரேடியோ, பேட்டரி, அவ்வளவுதான். விநாடிக்கு 5 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 300 மீட்டர் ஏறும். 17 கிலோமீட்டரைத் தொட ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 30 கிலோமீட்டரை ஒட்டியோ அதைத் தாண்டியோ விரிந்து விரிந்து வெடிக்கும்.

அந்த 17 கிலோமீட்டர்தான் நமக்கு முக்கியம். தரையில் 27 டிகிரியில் தொடங்கும் காற்று ஏற ஏறக் குளிர்ந்து, அங்கே மைனஸ் 80-ஐத் தாண்டுகிறது. ஆண்டின் தொடக்க மாதங்களில் மைனஸ் 83, 85 என்றுகூட இறங்கும். அதற்கு மேலே மறுபடியும் சூடேறத் தொடங்குகிறது. அண்டார்க்டிகாவில் ஓசோனைத் தின்னும் மேகங்கள் உருவாவதும் ஏறக்குறைய இதே குளிரில்தான்.

அப்படியானால் நம் தலைக்கு மேல் ஏன் ஓசோன் துளை விழவில்லை? இந்த வாரம் முழுக்க ஊரைச் சுற்றப்போவது இந்த ஒரு கேள்வியோடுதான். குளிர் இருந்தால் போதும் என்றுதான் பல இடங்களில் எழுதிவிடுகிறார்கள். குளிர் பாதிக் காரணம்கூட இல்லை.

வீட்டிலிருந்தே சரிபார்க்க ஒரு வழி: வயோமிங் பல்கலைக்கழகத்தின் வானிலைப் பக்கத்தில் நிலைய எண் 48698 என்று கொடுத்தால் சிங்கப்பூர் பலூனின் அளவுகள் பட்டியலாக வரும். 100 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்துக்கு அருகே இருக்கும் வரிகளில் வெப்பநிலை எங்கே மிகக் குறைகிறதோ அதுதான் குளிர்முனை. அந்த உயரத்தில் ஈரப்பத எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சாதாரண உணரி அவ்வளவு குளிரில் மந்தமாகிவிடும். அங்குள்ள நீராவியை அளக்கப் பனிநிலைமானி என்ற தனிக் கருவி வேண்டும்.

இந்தக் குளிர்முனை செய்யும் வேலை ஒன்று உண்டு. நம்மூர்த் தரைக்காற்றில் பத்து லட்சத்துக்கு 30,000 பங்கு நீராவி. குளிர்முனையைக் கடக்கும்போது பனியாக உறைந்து உதிர்ந்து, மிச்சம் 4 பங்கு போலத்தான் மேலே போகிறது. குளிர்முனைக்கு மேலே இருக்கும், ஓசோன் படலம் உள்ள அடுக்கு மண்டலம் பாலைவனத்தைவிட வறண்டு கிடப்பது இதனால்தான். துருவத்துப் பனித்துகளுக்குக் கிடைக்கும் நீரில் பெரும்பங்கு இந்த வடிகட்டலில் தப்பியது. மீதி, மேலே போன மீத்தேன் சிதைந்து வந்தது.

செவ்வாய், ஜூரோங்

ஜூரோங் ஈஸ்ட் எம்ஆர்டியிலிருந்து அறிவியல் நிலையம் நடக்கும் தூரம். பக்கத்திலேயே ஸ்னோ சிட்டி. உள்ளே சுமார் மைனஸ் 5. சட்டைக்கு மேல் ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு பனியைக் கையில் எடுத்தால், துருவ மேகத்தைப் புரிந்துகொள்ள முதலில் எதை மறக்க வேண்டும் என்பது தெரியும்: இந்த அடர்த்தியை. மைனஸ் 5-இல் பனிக்கட்டிமேல் நிற்கும் நீராவி அழுத்தம் சுமார் 400 பாஸ்கல். துருவ அடுக்கு மண்டலத்தில், 20 கிலோமீட்டர் உயரத்தில், 50 ஹெக்டோபாஸ்கல் காற்றில், பத்து லட்சத்துக்கு 5 பங்கு நீராவி என்றால் 0.025 பாஸ்கல்தான். 16,000 மடங்கு வித்தியாசம். அவ்வளவு அரிதான நீராவி பனியாக உறைய வெப்பநிலை 188 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 85-க்கு இறங்கியாக வேண்டும்.

ஆனால் மேகம் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மைனஸ் 78 அளவிலேயே நைட்ரிக் அமிலமும் நீரும் ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் சேர்ந்து திண்மத் துகளாக உறைய முடியும். இதை நைட்ரிக் அமில மும்மை நீரேறி என்று சொல்லலாம். இன்னும் சில டிகிரி கீழே போனால், ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் கந்தக அமிலத் துளிகள் நைட்ரிக் அமிலத்தையும் நீரையும் உறிஞ்சி, உறையாமலே பருக்கின்றன. கடைசியாக மைனஸ் 85-இல் சுத்தமான பனி. ஆக மூன்று விதமான துகள்கள், ஒரே மேகத்தில் கலந்தும் இருக்கும். இந்தப் பனிமேகம்தான் சில அந்திகளில் முத்துச்சிப்பியின் உட்புறம்போல மின்னுவது.

இனி வேதியியல். அடுக்கு மண்டலத்தில் குளோரின் பெரும்பாலும் இரண்டு பெட்டகங்களில் பூட்டிக் கிடக்கிறது: ஒன்று ஹைட்ரஜன் குளோரைடு, மற்றது குளோரின் நைட்ரேட். இரண்டும் ஓசோனைத் தொடாது. வாயு நிலையில் ஒன்றோடொன்று மோதினாலும் ஏதும் நடப்பதில்லை என்றே சொல்லலாம்.

ஒரு பனித்துகளை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். குறுக்களவு 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருக்கலாம். ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறு அதன்மேல் வந்து ஒட்டுகிறது. ஒட்டியதும், பனியின் மேற்பரப்பில் இறுக்கமில்லாமல் கிடக்கும் நீர் மூலக்கூறுகள் அதைப் பிரித்து குளோரைடு அயனியாக்கி வைத்துக்கொள்கின்றன. அடுத்து குளோரின் நைட்ரேட் வருகிறது. அதன் குளோரினும் காத்திருக்கும் குளோரைடும் சேர்ந்து குளோரின் மூலக்கூறாகிக் காற்றுக்குப் பறக்கிறது. மிச்சமாகும் நைட்ரிக் அமிலம் பனியிலேயே தங்கிவிடுகிறது. பூட்டியிருந்த இரண்டு பெட்டகமும் ஒரே தட்டில் திறந்துவிட்டன. 1986-இல் அமெரிக்க வேதியியலாளர் சூசன் சாலமனும் உடன் ஆய்வாளர்களும் ஓசோன் துளைக்கு விளக்கமாக முன்வைத்தது இந்த வினையைத்தான். பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் துளையைக் காட்டிய அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்து அளவீடுகளை 1985 மே மாதம் வெளியிட்டு அப்போது ஓராண்டு சற்றுத்தான் தாண்டியிருந்தது.

எவ்வளவு வேகம்? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வினை வீதம் = ஒட்டிவினைபுரியும் வாய்ப்பு × மூலக்கூறின் சராசரி வேகம் × கன அளவுக்கான மேற்பரப்பு ÷ 4. குளோரின் நைட்ரேட் பனியில் மோதும்போது, ஹைட்ரஜன் குளோரைடு போதிய அளவு ஒட்டியிருந்தால், வாய்ப்பு சுமார் 0.3. மைனஸ் 83-இல் அதன் வேகம் விநாடிக்கு 203 மீட்டர். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 10 சதுர மைக்ரான் பனிப்பரப்பு இருப்பதாக வைத்தால், பெருக்கி வரும் விடை விநாடிக்கு 0.00015. தலைகீழாக்கினால் 6,600 விநாடி, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. பரப்பு 1 சதுர மைக்ரான் மட்டுமே என்றாலும் 18 மணி நேரத்தில் காரியம் முடிகிறது. துருவ இரவோ மாதக்கணக்கில் நீள்கிறது. மேகத்துக்குள் காற்று ஒரு சுற்றுப் போய் வந்தாலே போதும்.

இந்தக் கணக்கில் பலர் தடுக்கி விழும் இடம், வாய்ப்பு எண்ணை எல்லாத் துகளுக்கும் ஒன்றாக எடுப்பது. குளோரின் நைட்ரேட் நீரோடு மட்டும் வினைபுரியும் வாய்ப்பு பனியில் 0.3 அளவு, நைட்ரிக் அமிலத் துகளில் வெறும் 0.004. எழுபது மடங்குக்கு மேல் மெதுவு. திரவத் துளியிலோ வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலும் எண் சட்டென்று மாறும், ஏனென்றால் துளியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஹைட்ரஜன் குளோரைடு கரைகிறது. பனி இல்லாத குளிர்காலத்திலும் குளோரின் விழித்துக்கொள்வதற்கு இந்தத் துளிகள் போதும் என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்டது. அப்படியானால் திண்மத் துகளுக்கு என்ன வேலை? அதை வியாழக்கிழமை பார்ப்போம்.

புதன், தேக்கா

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிராங்கூன் சாலையின் பின்சந்துகளில் நடந்தால் தலைக்கு மேல் வரிசை வரிசையாக ஏர்கான் பெட்டிகள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு தகடு ஒட்டியிருக்கும். உள்ளே என்ன வாயு என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். புதியவற்றில் ஆர்-32 அல்லது ஆர்-410ஏ: இவற்றில் குளோரின் இல்லை, ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, புவி வெப்பமாதலுக்கு உண்டு. பழைய பெட்டியில் ஆர்-22 இருந்தால் ஒரு குளோரின் அணு. அதில் பெரும்பகுதி கீழ் வளிமண்டலத்திலேயே சிதைந்துவிடும். ஆர்-12 என்றால் இரண்டு குளோரின், ஆயுள் சுமார் 100 ஆண்டு. ஆர்-11 மூன்று குளோரின், 50 ஆண்டை ஒட்டிய ஆயுள். பழைய பெட்டியைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ‘கொஞ்சம்தானே’ என்று யாராவது சொன்னால் அந்த ஆயுள் எண்ணைச் சொல்லிக் காட்டலாம்.

ஓசோனைக் கெடுக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்பாட்டில் சிங்கப்பூர் சேர்ந்தது 1989-இல். இங்கே ஆர்-11, ஆர்-12 போன்ற குளோரோஃபுளோரோகார்பன்களின் உற்பத்தி கிடையாது, எல்லாம் இறக்குமதி. ஆகவே இறக்குமதி அளவுக்கு உச்சவரம்பு வைத்து, ஒரு பகுதியைப் பழைய பயனீட்டின்படி பிரித்துக் கொடுத்து, மறு பகுதியை ஏலத்துக்கு விட்டார்கள். விலை ஏறியதும் தொழிற்சாலைகள் தாமாகவே மாற்று வழி தேடின. மின்னணுத் தொழிலில் சர்க்யூட் பலகைகளைக் கழுவ ஆர்-113 பயன்பட்டது. அதை விட்டு நீரால் கழுவும் முறைக்கும், பற்றவைக்கும்போது பூசும் ஃபிளக்ஸில் கழுவவே தேவையில்லாத வகைக்கும் மாறின. இப்படி விலையை வைத்து வேலை வாங்கியது நல்ல யோசனை என்பதே நம் கருத்து.

இப்போது திங்கட்கிழமைக் கேள்விக்கு முதல் பதில். தரையில் கசிந்த வாயு உலகக் காற்றோடு கலந்து, வெப்பமண்டலத்தின் வழியாக மேலே ஏறுகிறது. மேற்குப் பசிபிக்கும் நம் தீவுக்கூட்டமும் அதற்குப் பெரிய நுழைவாயில். 17 கிலோமீட்டரில் நம் தலைக்கு மேல் போகும்போது அந்த மூலக்கூறு இன்னும் முழுசாகவே இருக்கிறது. அதை உடைக்கும் குறுகிய அலைநீளப் புற ஊதாக் கதிர் அந்த உயரம்வரை இறங்கி வருவதில்லை. 25 கிலோமீட்டருக்கு மேல் போனபின்தான் உடைந்து குளோரின் வெளியே வரும். பிறகு துருவத்தை நோக்கி நகர்ந்து, அங்கே கீழே இறங்கும். நுழைந்ததிலிருந்து எண்ணினால், துருவத்தைச் சுற்றி வீசும் காற்று வளையமான துருவச் சுழலுக்குள் இருக்கும் காற்றின் சராசரி வயது ஐந்து ஆண்டைத் தாண்டும். ஆகவே இங்கே பனி உண்டு, அதன்மேல் ஒட்டக் குளோரின் பெட்டகங்கள் இல்லை. அங்கே இரண்டும் உண்டு.

வியாழன் மாலை, மரீனா அணைக்கட்டு

அணைக்கட்டின் புல்கூரையில் ஏழு மணி வெயில் சாயும்போது பட்டம் விடுகிறவர்கள் கூட்டம். இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே உதித்து ஏழு மணியை ஒட்டியே மறைகிறது. தென்துருவப் புள்ளியில் மார்ச் முதல் செப்டம்பர்வரை இரவு. ஓசோன் அழிவுக்கு அந்த இரவும் வேண்டும், அதன் முடிவும் வேண்டும். இரவில் பனித்துகள்கள் குளோரின் மூலக்கூறுகளை விடுவித்துவிடுகின்றன. வெளிச்சம் வரும்வரை அவை ஓசோனைத் தொடாமல் கிடக்கின்றன. ஆகஸ்டில், அந்தப் புள்ளிக்குச் சற்று வடக்கே, சூரியன் அடிவானத்தில் எட்டிப் பார்த்ததும் குளோரின் இரண்டாக உடைகிறது. அதற்குக் கடுமையான புற ஊதாக் கதிர் தேவையில்லை; தாழ்வெயிலே போதும்.

உடைந்த குளோரின் அணு ஓசோனைத் தாக்கிக் குளோரின் மோனாக்சைடாகிறது. பாடப்புத்தகங்களில் வரும் அடுத்த படி, தனி ஆக்சிஜன் அணுவோடு மோதுவது. 18 கிலோமீட்டரில், தாழ்ந்த வெயிலில், தனி ஆக்சிஜன் அணு கிடைப்பதே அரிது. அந்த வழியில் துளை விழாது. நடப்பது வேறு. இரண்டு குளோரின் மோனாக்சைடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இரட்டையாகின்றன. வெயில் அதை உடைத்ததும் இரண்டு குளோரினும் திரும்பக் கிடைக்கிறது. நிகரக் கணக்கில் இரண்டு ஓசோன் போய் மூன்று ஆக்சிஜன். இந்த வழியை 1987-இல் மரியோ மோலினாவும் லூயிசா மோலினாவும் விளக்கினார்கள். இரட்டை நிலைத்திருக்கவும் குளிர் வேண்டும்: மைனஸ் 60-க்கு மேல் சூடேறினால் வெயில் படுமுன்பே பழையபடி இரண்டாகப் பிரிந்துவிடும், ஓசோன் தப்பும்.

கூடவே புரோமின். அணுவுக்கு அணு குளோரினைவிடச் சுமார் 60 மடங்கு கேடு. நம் துறைமுகத்தில் மரப்பெட்டிச் சரக்குகளுக்குப் பூச்சிநீக்கப் புகையூட்டப் பயன்படும் மீத்தைல் புரோமைடு அதன் மூலங்களில் ஒன்று. பயிர்நோய்த் தடுப்புக்கான அந்தப் பயனீட்டுக்கு மான்ட்ரியல் உடன்பாடு இன்றும் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கை இறுக்க வேண்டும். வெப்பமூட்டிப் பூச்சி நீக்கும் முறை இருக்கிறது.

1987 ஆகஸ்ட், செப்டம்பரில் சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து நாசாவின் இஆர்-2 என்ற ஆய்வு விமானம் சுழலுக்குள் பறந்தபோது, வேதியியலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் கருவி குளோரின் மோனாக்சைடையும் இன்னொரு கருவி ஓசோனையும் ஒரே நேரத்தில் அளந்தன. செப்டம்பர் நடுவில் கோடுகள் கண்ணாடியில் பார்த்ததுபோல எதிரெதிர்: ஒன்று ஏறும் இடத்தில் மற்றது விழுகிறது. துளைக்குக் காரணம் குளோரின்தானா என்ற வாதம் அத்தோடு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை விட்டு வைத்த கேள்வி: திண்மத் துகளின் வேலை. சாதாரணமாக வெயில் வந்ததும் நைட்ரிக் அமிலம் உடைந்து நைட்ரஜன் டையாக்சைடு வரும். அது குளோரின் மோனாக்சைடைப் பிடித்து மறுபடியும் பெட்டகத்தில் பூட்டும். சேதம் சில நாளோடு நிற்கும். ஆனால் நைட்ரிக் அமிலத் துகள் பெரிதாக வளர்ந்தால் கீழே விழுந்துவிடும். 2 மைக்ரான் குறுக்களவுள்ள துகள் ஒரு நாளைக்குச் சில பத்து மீட்டர்தான் இறங்கும். 15 மைக்ரான் துகளோ ஒரு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு வாரத்தில் அந்த அடுக்கிலிருந்த நைட்ரஜனையே வாரிக்கொண்டு போய்விடும். பூட்டுகிற கை இல்லாமல் போகிறது. குளோரின் செப்டம்பர் முழுக்க ஓடுகிறது; அக்டோபர் தொடக்கத்தில் 14 முதல் 20 கிலோமீட்டர்வரை ஓசோன் ஏறக்குறைய காலி. துளை ஆழமாவதைத் தீர்மானிப்பது இதுதான். மேகம் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

வெள்ளி, மழை

வெளியே போகவில்லை. சின்னக் குறிப்பு மட்டும். தலைக்கு மேலுள்ள மொத்த ஓசோனை அளக்கும் அலகு டாப்சன்; சிங்கப்பூருக்கு மேலே அது 250, 260 டாப்சன் அளவில் ஆண்டு முழுக்க நிற்கிறது. துளை என்பதற்கு வரையறை 220. இது இயல்பான குறைவு. கீழிருந்து ஓசோன் குறைந்த காற்று ஏறிக்கொண்டே இருப்பதால் இங்கே சேர்வதில்லை. நம்மூர்ப் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடுவதற்குக் காரணம் உச்சி வெயிலும் இந்தக் குறைவும். அண்டார்க்டிகத் துளை அல்ல.

சனி, சாங்கி கடற்கரை

சாங்கி வில்லேஜில் பேருந்தைவிட்டு இறங்கி, நாசி லெமாக் வரிசையைத் தாண்டினால் கடற்கரை. இங்கே தரைக்காற்று தென்கிழக்கிலிருந்து வீசும் நேரத்தில், 20 கிலோமீட்டருக்கு மேலே காற்று சில காலம் கிழக்கிலிருந்தும் சில காலம் மேற்கிலிருந்தும் மாறி மாறி வீசும். சுமார் 28 மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சுற்று முடியும். திசைமாற்றம் மேலிருந்து மாதத்துக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கில் கீழே இறங்கும். 1976-இலிருந்து உலகம் இதைக் கணிப்பது சிங்கப்பூர்ப் பலூனின் காற்றளவை வைத்துத்தான். அதற்கு முன் பசிபிக்கில் கான்டன் தீவும் மாலத்தீவின் கான் தீவும் அந்தப் பொறுப்பில் இருந்தன. நம் ஊர் உலக அறிவியலுக்குத் தரும் அளவுகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்வது கடினம். உள்ளூரில் அதிகம் பேர் அறியாதது வருத்தம்.

துருவத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நம் மேலே 50 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசும் குளிர்காலங்களில் வடதுருவச் சுழல் பலவீனமாகவும் சற்றுச் சூடாகவும் இருக்கும் போக்கு தெரிகிறது. சூடு கூடினால் மேகம் குறையும், ஓசோன் பிழைக்கும். இது போக்கு மட்டுமே. ஒவ்வோர் ஆண்டும் அப்படியே நடக்காது.

இதுவே கேள்விக்கான கடைசிப் பதிலும்: சுழல். தென்துருவத்தைச் சுற்றிக் கடல்; காற்று தடையின்றி வட்டமிட்டு, உள்ளே இருப்பதை மாதக்கணக்கில் வெளியே விடாமல் சுற்றிவைக்கிறது. வடக்கில் மலைகளும் கண்டங்களும் எழுப்பும் அலைகள் சுழலை அடிக்கடி அசைத்துவிடும். அப்படி அசையாத 2011, 2020 வசந்தங்களில் ஆர்க்டிக்கிலும் பெருஞ்சேதம். தெற்கிலோ 2002 செப்டம்பரில் திடீர் வெப்பமேற்றத்தால் சுழல் இரண்டாகப் பிளந்து, துளை சிறுத்தது. வெப்பமண்டலத்தில் காற்றை இப்படி அடைத்து வைக்கும் வேலி கிடையாது. தினமும் வெயில் வேறு. குளோரின் விழித்தாலும் நைட்ரஜன் உடனே பிடித்துப் பூட்டிவிடும்.

எரிமலைகளும் கணக்கில் வரும். 1991 ஜூனில் பிலிப்பீன்ஸின் பினட்டுபோ கக்கிய கந்தகம் துளிகளின் பரப்பைப் பெருக்கியது. 2022 ஜனவரி 15-இல் ஹுங்கா டோங்கா வெடித்தபோது மேலே போனது முக்கியமாக நீராவி, சுமார் 15 கோடி டன். அடுக்கு மண்டல நீர் பத்து விழுக்காடு போலக் கூடியது. நீர் கூடினால் பனி சற்றுக் குறைந்த குளிரிலேயே உறையும்.

இந்த ஆண்டுத் துளையைத் தொடர நினைப்பவர்கள் நாசாவின் ஓசோன் வாட்ச் வரைபடங்களை இந்த வரிசையில் பார்க்கலாம். முதலில் ஜூன் முதல் 50 ஹெக்டோபாஸ்கல் வெப்பநிலை: மைனஸ் 78-க்குக் கீழே எவ்வளவு பரப்பு, எத்தனை வாரம். அடுத்து செப்டம்பரில் 220 அலகுக்குக் கீழான பரப்பு. பெரிய ஆண்டுகளில் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டும். கடைசியாக, நவம்பரில் சுழல் எப்போது உடைகிறது என்பது. ஒரு நாள் படத்தை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். சுழல் நகர்ந்தாலே எண் ஆடும். 2020 முதல் 2023 வரை துளை வழக்கத்தைவிட நெடுநாள் நீடித்தது. சுழல் உடைந்ததும் ஓசோன் குறைந்த காற்று துண்டு துண்டாக வடக்கே நகரும். டிசம்பர் விடுமுறைக்கு மெல்பர்ன், ஹோபார்ட், நியூசிலாந்து என்று கிளம்புகிறவர்கள், வெயில் இதமாக இருக்கிறதே என்று தொப்பியைப் பெட்டியில் வைக்காமல், அன்றன்றைய புற ஊதாக் குறியீட்டைப் பார்த்துவிட்டு வெளியே போகவும்.